உதடு மட்டும் பாக்கி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உனக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வாய்விட்டுச் சொன்னவள் நான்தான். இன்று தபால்தலை வாங்கப் போனால் வரிசையில் எனக்கு முன்னால் அவளே நிற்கிறாள். "தம்பிக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டாள். மானம், ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அத்தானுக்கு ஏழு வருஷம் தீவுச் சிறை என்று தீர்ப்பாகிவிட்டது. நீ கோர்ட்டுப் பக்கமே வரவில்லை, ஆகையால் சொல்கிறேன். ரோடு போடுகிற ஆட்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், ஒரு டாக்டரையாவது அனுப்புங்கள் என்று யாரோ எழுதிக் கொடுத்த நோட்டீஸ். அதை அச்சுக் கோத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. எழுதியது யார் என்று கேட்டார்கள். "ஒரு நாளைக்கு நாலு பேர் காகிதம் கொண்டு வந்து குடுப்பாங்க. நான் காகிதத்தைத்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்கமாட்டேன்" என்றார். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் நீதிபதி.

அவர் நெஞ்சு உனக்குத் தெரியும். இருபது வருஷம் ஈயத் தூசியை மூச்சாக இழுத்தவர். கப்பல் பயணத்தை இந்த உடம்பு தாங்காது என்று சிறை வைத்தியரே சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றால் மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

கருணை மனு போட்டிருக்கிறேன். பெரிய துரை ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த ஏழு வருஷத்தையும் இங்கேயே, நான் போய்ப் பார்க்கிற தூரத்தில் கழிப்பார். ஆனால் மனு தலைமை குமாஸ்தாவின் மேஜையைத் தாண்டவில்லை. "மேலே போகணும்னா மேலே ஆள் வேணும்மா" என்கிறார் வக்கீல்.

மேலே எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். புது மண்டபத்தில் மாட்டுவதற்கு ஏழு துரைமார்களின் படங்களை நீ வரைகிறாய் என்றும், அதில் பெரிய துரையும் உண்டு என்றும் பத்திரிகையில் பார்த்தேன். அந்த மனுஷன் உனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். ஒரே ஒரு வார்த்தை கேள்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அரை நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். திட்டியிருப்பாய் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

அத்தானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அந்த வாரமே நான் உன் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது தப்புதான். அந்த ஆளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் என்று தெரிந்தால் இந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கவே மாட்டார்கள். கடைவாசலில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன் நான். இன்றுவரை இங்கே யாருக்கும் அவர் என் அத்தான் என்று தெரியாது. உன் கடிதம் வந்தபோதுகூட, யாரென்று கேட்ட காவலாளியிடம் "தூரத்து உறவு" என்று சொன்னேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இங்கே நான் படுகிற பாட்டைக் கேள். தோட்டத் துரைக்குத் தொப்பை பெல்ட்டுக்கு மேல் வழிகிறது. "அதைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று தினமும் என் காதில் ஓதுகிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நில அளவைத் துரை செத்து நாலு வருஷம் ஆகிறது. அவர் பெண்டாட்டி அனுப்பிய ஒரே போட்டோ பெட்டிக்குள் படுக்க வைத்த பிறகு எடுத்தது. மூடிய கண்ணை நான் திறந்து வைக்க வேண்டும், அதுவும் நீலமாக. ரோட்டுத் துரைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் அவர் போட்ட ரோடு தெரிய வேண்டுமாம். மலை வரை நேராக வரைந்து கொடுத்தேன். நிஜத்தில் அவ்வளவு நேராக இல்லை என்று கேள்விப்படுகிறேன்.

பெரிய துரை இன்னும் உட்கார ஆரம்பிக்கவில்லை. மார்ச்சில்தான் வருவார். வந்தால் நிச்சயம் கேட்பேன். நீ கவலைப்படாதே.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கப்பல் மே முதல் வாரத்தில் கிளம்புகிறது. ஜெயில் வாசலில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். அதில் அவர் பதினெட்டாவது.

நீ நேராக வரைந்த ரோட்டில் இருநூறுக்கு மேல் செத்திருக்கிறார்கள். உன் அத்தான் கோத்த நோட்டீஸில் அந்தக் கணக்குதான் இருந்தது. அதைப் படித்துப் பார்க்கக்கூட உனக்கு நேரமில்லை.

கவலைப்படாதே என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பதிலாக நான்தானே படுகிறேன்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய துரை வந்துவிட்டார். வாரத்தில் மூன்று காலை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அவரோடு ஒரு குமாஸ்தா கைக்கடியாரத்தோடு வந்து கதவோரம் நிற்கிறான்.

நான் நினைத்து வைத்திருந்த ஆள் வேறு, வந்த ஆள் வேறு. ஆறடி உயரம், அதட்டுகிற குரல் என்று எதிர்பார்த்தேன். ஒல்லியாக, ஒரு பக்கம் பல்வலியோடு, பெஞ்சில் ஏற்றி நிறுத்தப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். "ரொம்ப நேரம் ஆகுமா?" என்றுதான் முதலில் கேட்டார். நம் பேச்சு அவருக்கு நன்றாக வருகிறது. வீட்டில் ரோஜாச் செடி வைத்திருக்கிறாராம். பூச்சி அரிக்கிறதாம். அதைப் பற்றி ஒரு காலை முழுக்கச் சொன்னார்.

அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்று கேட்பாய். அக்கா, என் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் முகத்தை வாங்குவதற்கு முன்னால் அவர் என்னை மறக்க வேண்டும். நான் அங்கே இருப்பதையே அவர் மறந்தால்தான் முகம் முகமாக இருக்கும். முதல் வாரமே மனுவை நீட்டினால் அப்புறம் என் முன்னால் உட்காருவது துரை இல்லை, கவர்ன்மெண்ட். கண் இரண்டும் முடியட்டும், அதற்குள் கொஞ்சம் பழக்கமாகிவிடுவார். வாயை எப்போதும் கடைசியில்தான் தொடுவேன், அது அசைந்தால் முகம் முழுக்க மாறிவிடும். வாய்க்குப் போவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கண் முடியட்டும், மூக்கு முடியட்டும் என்று நீ வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கிறாய். இங்கே ஒரு மனுஷன் முடிந்துகொண்டிருக்கிறார்.

நேற்றுப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு வார்டர். பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் இருமினார். மீதி மூன்று நிமிஷத்தில் உன்னைப் பற்றித்தான் கேட்டார். "ஏழு படமா? பெரிய ஆளாயிட்டானே! சாப்பிடுறானா பாரு, வேலையிலே உட்கார்ந்தா அவனுக்குப் பசி தெரியாது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நான் இப்போது அச்சகத்தில் தாள் மடிக்கப் போகிறேன். அவர் நின்று வேலை செய்த இடத்தில் புதிதாக ஒருத்தர் நிற்கிறார். நல்ல மனிதர்தான், இருந்தாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் மடிக்கிறேன்.

பயமாக இருந்தால் பயம் என்று சொல்லிவிடு. நானே கிளம்பி வந்து உன் மண்டபத்து வாசலில் நின்று, அந்தத் துரை வண்டியை விட்டு இறங்கும்போது காலில் விழுகிறேன். "இந்தப் பொம்பளை யாரு?" என்று கேட்டால் தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

வரவேண்டாம். தயவுசெய்து வந்துவிடாதே. வாசலில் போலீஸ் இருக்கிறது, போன மாதம் மனுவோடு வந்த ஒரு பெரியவரைத் தள்ளியதில் கை முறிந்தது.

பயம்தான். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். கேட்ட மாத்திரத்தில் தூரிகையைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். மற்ற ஆறையும் வேறு எவனாவது முடித்துக் கீழே அவன் பெயரைப் போட்டுக்கொள்வான் என்று பயம். இதை எல்லாம் நினைத்துக்கொண்டே தினமும் அவர் கண்ணை வரைகிறேன்.

இரண்டு வாரம் கொடு. அத்தான் மேல் ஆணை, கேட்டுவிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை. குமாஸ்தா ஏதோ காகிதம் எடுக்க வெளியே போயிருந்தான். தூரிகையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்லிவிட்டேன். அத்தான் என் சொந்த அக்காள் புருஷன் என்றும், நான் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் என்றும், நோட்டீஸ் எழுதியது அவர் இல்லை என்றும், அவர் நெஞ்சு நிலைமையும், மனு கீழேயே கிடப்பதும், கப்பலில் பதினெட்டாவது என்பதும், ஒன்று விடாமல்.

அவர் கோபப்படவில்லை. காது கொடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அந்த முகம் மாறியது, அக்கா. நான் அப்படி ஒரு மாற்றத்தை யார் முகத்திலும் பார்த்ததில்லை. ஒரு மாதமாக எனக்கு எதிரே உட்கார்ந்தது ஒரு சட்டை, நேற்றுத்தான் மனுஷன் வந்தார்.

படம் மிக நன்றாக வந்திருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 14

என் கண்ணே, தம்பி,

உன் கடிதத்தை அச்சகத்தில் வைத்தே பிரித்துவிட்டேன். அழுதுகொண்டே தாளை மடித்ததில் நாலு தாள் கோணல். முதலாளி பார்த்துவிட்டு அந்த நாலையும் எடுத்துக்கொண்டு போனார்.

என்னவெல்லாம் எழுதிவிட்டேன் உனக்கு! மனசில் வைத்துக்கொள்ளாதே. உனக்கும் எவ்வளவு கஷ்டம் என்று நான் யோசித்தேனா? பயந்து பயந்து கேட்பதுதான் பெரிது. பயமில்லாதவன் கேட்பதில் என்ன இருக்கிறது.

நேற்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். இருமாமல் சிரித்தார், அதுதான் விசேஷம். "துரைகிட்டயே பேசிட்டானா! நம்ம வீட்டுக்கு வர்ற பால்காரர்கிட்ட பேச மாட்டானே அவன்" என்றார். வார்டர்கூடச் சிரித்துவிட்டார். குளிர்காலத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்திருக்கிறேன், இங்கே உள்ளூர்ச் சிறையில் சுவர் ஈரமாக இருக்கும் என்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் கேட்டபின் அவர் என்ன சொன்னார்? கடிதத்தை ஆறேழு தடவை படித்துவிட்டேன். அவர் முகம் எப்படி மாறியது என்று இருக்கிறது. அவர் சொன்னது மட்டும் இல்லை. எழுத மறந்திருப்பாய். இரண்டு வரி எழுதிப் போடு.

அக்கா


ஏப்ரல் 23

தம்பிக்கு,

பதில் இல்லையே. தபாலில் தவறிவிட்டதா? மனு இன்னும் குமாஸ்தா மேஜையில்தான் இருக்கிறதாம். வக்கீல் உறுதியாகச் சொல்கிறார். துரை கேட்டு அனுப்பியதாக யாருக்கும் தெரியவில்லை.

என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

அக்கா


மே 4

கப்பல் நேற்றுப் போய்விட்டது. ஒன்பது மணிக்கு என்று ஒட்டியிருந்தார்கள், ஏழு மணிக்கே ஏற்றிவிட்டார்கள். நான் எட்டரைக்குப் போனேன். கம்பளிச் சட்டை என் கையிலேயே இருந்தது.


மே 20

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நான் விடவில்லை.

அன்று காலை முகத்தில் எல்லாம் முடிந்து உதடு மட்டும் பாக்கி. ஒரு மாதமாக அந்த உதடு எனக்குப் பிடிபடவில்லை. பல்வலியில் இறுக்கி மூடிய வாய், அதை அப்படியே வைத்தால் ரோட்டுத் துரைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. அத்தானைப் பற்றி நான் சொல்லி முடித்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தது. இறுக்கமெல்லாம் தளர்ந்து உதடு லேசாகப் பிரிந்தது. பேசப் போகிறார் என்று தெரிந்தது. அடுத்த நொடி ஒரு சொல் வந்திருக்கும்.

நான், "அப்படியே இருங்க துரை, அசையாதீங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, அக்கா. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, கை தானாகத் தூரிகையை எடுத்துவிட்டது. அவரும் நல்ல பிள்ளையாக அப்படியே இருந்தார். உதட்டைக்கூட மூடவில்லை. இருபது நிமிஷம் அந்த ஒரு பார்வையை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

இதற்குப் பிறகு எழுதுவதை நீ மன்னிக்க மாட்டாய். அந்த இருபது நிமிஷமும் எனக்கு அத்தான் நினைவே இல்லை. என் ஜன்மத்தில் அப்படி ஒரு வேலை கைகூடியதில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். தூரிகையைக் கீழே வைத்தபோது குமாஸ்தா கடியாரத்தோடு வந்துவிட்டான். துரை எழுந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் இப்படியா இருக்கேன்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏதோ சொல்லிக்கிட்டிருந்தியே..." என்று ஆரம்பித்தார். குமாஸ்தா, "வண்டி நிக்குதுங்க" என்றான். நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் சொல்றேங்க" என்றேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வெயிலுக்கு மலைக்குப் போய்விட்டார். முகம் முடிந்துவிட்டதால் இனி அவர் வரத் தேவையில்லை என்று அவர் போடுகிற கோட்டை மட்டும் அனுப்பி வைத்தார்கள். அந்தக் குமாஸ்தாவுக்கே அதை மாட்டிவிட்டு, உட்கார வைத்து, பொத்தானையும் பதக்கத்தையும் வரைந்து முடித்தேன். மலைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதுவும் குமாஸ்தாவின் மேஜைக்குத்தான் போயிருக்கும்.

திட்டி ஒரு வரி எழுது.

தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

உன் அத்தான் போன நவம்பரில் தீவு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். காகிதம் எனக்கு இந்த மாதம்தான் வந்தது. அவருடைய சாமான்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளத் தலைநகரத்துக்கு வரச் சொன்னார்கள். வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு வேட்டி, நான் கடைசியாக எழுதிய கடிதம். அதைப் பிரித்திருக்கவில்லை. அவர் போன பிறகு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆபீஸ் உன் மண்டபத்துக்கு மாடியில் இருக்கிறது. படியிறங்கி வெளியே போக வேண்டுமானால் உன் ஏழு பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். தலை குனிந்தபடி போய்விடலாம் என்றுதான் இருந்தேன். தோட்டத் துரையின் தொப்பையை நன்றாகவே மறைத்திருக்கிறாய். செத்தவர் கண் திறந்திருக்கிறது. ரோடு நேராகப் போகிறது.

கடைசியில் அவர். படத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் மனைவியிடம், "எவ்வளவு இரக்கமான முகம் பாரு. இப்படிப்பட்டவர்கிட்ட ஒரு குறையைச் சொன்னா, கேக்காம இருப்பாரா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு நான் நின்றேன். காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரை நின்றேன்.

எட்டு மாதமாக எனக்கு ஒரு சமாதானம் இருந்தது, உனக்குத் தெரியாது. அந்த ஆள் கல்லாகத்தான் இருந்திருப்பார், தம்பி கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாயைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், முடியாது என்றுதான் சொல்லியிருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், உன்னைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்துக்கொண்டு வந்தேன். தீபாராதனைக்கு நிற்பது போல நேற்று அந்தப் படத்துக்கு நேரே நின்றபோது எல்லாம் போய்விட்டது. என் புருஷன் கதையைக் கேட்டுவிட்டு, சரி என்று சொல்ல வாயைத் திறக்கிற மனுஷனை நீ வரைந்து வைத்திருக்கிறாய். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் வரைந்திருக்கிறாய். கொஞ்சம் மோசமான ஓவியனாக இருந்திருக்கக் கூடாதா நீ?

இனி எனக்குக் கடிதம் போடாதே. போட்டால் நான் பிரித்துப் படித்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன்.

அக்கா